டிராஃப்டில் பெயர் வரவில்லை: 22 வயதில் எந்த ஊருக்குக் கிளம்புவது?

ஜூன் கடைசியில் அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்ட், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, நடக்கும். 2 சுற்றுகளில் வாசிக்கப்படும் பெயர்கள் 60-ஐத் தாண்டாது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவிலோ 350-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. நான்கு வருடம் கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த பையனுக்கும் அன்றிரவு பெயர் வராமல் போவதுதான் வழக்கம். மறுநாள் ஏஜென்ட் போன் செய்து ஊர்ப் பெயர்களை அடுக்குவார். ஜெர்மனியில் ஒரு கிளப், ஆஸ்திரேலியாவில் ஒன்று, ஜப்பானில் இரண்டாம் பிரிவு, அப்புறம் உள்நாட்டிலேயே, என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீக்.

இந்தப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த லீக் பெரியது, எங்கே சம்பளம் அதிகம் என்றுதான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே பட்டியல் 22 வயதில் ஒரு வரிசையிலும், 30 வயதில் நேர் எதிர் வரிசையிலும் நிற்கும். பந்தைக் கொண்டுபோகும் கார்டுக்கு ஒரு வரிசை, கூடைக்கருகே ஆடும் உயரமான சென்டருக்கு வேறு வரிசை. ஒரு உதாரணத்துக்கு 6 அடி 2 அங்குல உயரம், ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு, வயது 22 என்று வைத்துக்கொள்வோம். இவன் எங்கே போகலாம்?

உள்நாட்டிலேயே இருந்துவிடுவது

ஜி லீக்கின் ஈர்ப்பு எளிதில் புரியக்கூடியது. 31 அணிகளில் மெக்சிகோ சிட்டியைத் தவிர மற்ற 30-க்கும் ஆளுக்கொரு என்.பி.ஏ. அணியோடு தொடர்பு. ஆட்டத்தைப் பார்க்க என்.பி.ஏ. ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காயம் பட்ட ஒருவருக்குப் பதிலாக 10 நாள் ஒப்பந்தத்தில் மேலே கூப்பிட்டுவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும். அலெக்ஸ் கருசோ 2016 டிராஃப்டில் பெயர் வராதவர். ஓக்லஹோமா சிட்டியின் ஜி லீக் அணியில் ஒரு வருடம் ஆடி, லேக்கர்ஸில் டூ-வே ஒப்பந்தம் (என்.பி.ஏ., ஜி லீக் இரண்டிலும் ஆடவைக்கும் ஒப்பந்தம்) பெற்று மேலே போனார். டங்கன் ராபின்சனும் டூ-வே வழியாக வந்தவர்தான். 2021-இல் மயாமி அவருக்கு 5 ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் கொடுத்தது.

ஆனால் இந்தக் கதைகளில் எல்லாம் டூ-வே என்ற சொல் வருகிறது பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. டூ-வே ஒப்பந்தம் உள்ளவருக்கு 2023-24 பருவத்தில் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதே ஜி லீக் அணியில், அதே பயிற்சி செய்து, அதே விமானத்தில் பறக்கும் சாதாரண ஒப்பந்தக்காரருக்கு 40,500 டாலர், அதுவும் வரிக்கு முன்னால். ஓர் என்.பி.ஏ. அணிக்கு டூ-வே இடங்கள் 3 மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் எக்ஸிபிட் 10 என்று ஒன்று உண்டு. என்.பி.ஏ. அணி தன் முகாமுக்கு அழைத்து, பிறகு விடுவித்து, தன் ஜி லீக் அணியில் 60 நாள் இருந்தால் போனஸ் தரும் ஏற்பாடு அது. அந்தப் போனஸ் 2023-24-இல் 75,000 டாலர் வரை இருந்தது. முதல் வருடத்துக்கு இது மோசமில்லை. இரண்டாவது வருடமும் இதையே எதிர்பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

டூ-வே இல்லாத ஜி லீக் வாழ்க்கை பந்தி வாசலில் நிற்பது மாதிரி. உள்ளே இருந்து யாராவது எழுந்தால்தான் இடம். வாசலில் நிற்கிற எல்லாருமே பசியோடு இருப்பதால் பந்தைப் பகிர்வதற்கு யாருக்கும் பெரிய ஆசை இருக்காது. பாயின்ட் கார்டுக்கு இது நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம். வருகிற வாய்ப்பில் தானே சுட்டால்தான் கண்ணில் படுவோம் என்று ஆடுகிற நாலு பேருக்கு நடுவில் ஆட்டத்தை நடத்தப் பழகுவது கஷ்டம்.

இன்னொரு உள்நாட்டு வழியும் இப்போது சேர்ந்திருக்கிறது. கல்லூரியில் ஆடத் தகுதி மீதம் இருந்தால் அங்கேயே தங்கிவிடலாம். 2021-இல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. நல்ல கல்லூரியில் கிடைப்பது, ஐரோப்பாவின் பல கிளப்புகள் தருவதைவிட அதிகம். அந்த வாய்ப்பு உள்ளவனுக்கு யோசனையே தேவையில்லை, இருந்துவிட வேண்டியதுதான். நம் பையனுக்கு வருடங்கள் முடிந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஐரோப்பா என்கிற ஏணி

ஐரோப்பா என்றதும் அங்கே பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீக்தான் நினைவுக்கு வரும். ரியல் மாட்ரிட், ஒலிம்பியாகோஸ், ஃபெனர்பாச்சே, பெல்கிரேடில் காது கிழியும் பார்டிசான் கூட்டம். நம் ஊர் நேரத்துக்குப் பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் ஆட்டம் தொடங்கும், ஆனாலும் விழித்திருந்து பார்க்கத் தோன்றும். கல்லூரியில் இருந்து நேராக வருகிறவனுக்கு அந்தக் கதவு திறக்காது. அவனுக்குக் கிடைப்பது ஏணியின் கீழ்ப் படிகள்: ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், போலந்து, கிரீஸின் சிறிய ஊர்கள், சில நேரம் இரண்டாம் பிரிவு.

கீழ்ப்படி என்று நான் ஏளனமாகச் சொல்லவில்லை. மைக் ஜேம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் பெயர் வராமல் போன கார்டு. உயரமும் நம் பையன் அளவுக்குத்தான். குரோஷியா, இஸ்ரேல், இத்தாலியின் கீழ்ப் பிரிவு, கிரீஸின் ரோட்ஸ் தீவு என்று சுற்றிவிட்டுத்தான் ஸ்பெயினின் பாஸ்கோனியாவுக்கு வந்து சேர்ந்தார். நடுவில் பீனிக்ஸ் சன்ஸோடு ஒரு டூ-வே ஒப்பந்தம், அது நிலைக்கவில்லை. 2024-இல் மொனாக்கோ சார்பில் யூரோலீக்கின் சிறந்த வீரர் விருது. ஸ்பனூலிஸைத் தாண்டி அந்த லீக்கில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும் அவர்தான்.

திரும்பி வந்தவர்களில் பி.ஜே. டக்கர் எனக்குப் பிடித்தவர். 2006-இல் டொராண்டோ 35-ஆவதாகத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவம்கூட முழுசாக முடியும் முன்பே விட்டுவிட்டது. ஐந்து வருடம் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி. 2008-இல் ஹோலோன் என்ற சிறிய ஊர் அணியோடு இஸ்ரேல் லீக்கையே ஜெயித்தார். அதற்கு முன் பல வருடங்களாகக் கோப்பை மக்காபி டெல் அவிவைவிட்டு நகரவே இல்லை. 2012-இல் ஜெர்மனியின் பாம்பெர்க்கில் பட்டம் வாங்கிய கையோடு பீனிக்ஸ் அழைத்தது. 2021-இல் மில்வாக்கி என்.பி.ஏ. கோப்பை வென்றபோது அவருக்கு வயது 36. கல்லூரியில் புள்ளி குவித்துப் பழகிய அந்த மனிதர் என்.பி.ஏ.வில் பிழைத்தது டிஃபென்ஸையும் ஓரத்து மூன்று புள்ளி ஷாட்டையும் வைத்து.

ஐரோப்பாவில் ஆட்டமே வேறு. என்.பி.ஏ.வின் 48 நிமிடத்துக்குப் பதில் 40. ஆறாவது ஃபவுலுக்குப் பதில் ஐந்தாவதிலேயே வெளியே. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில். இவையெல்லாம் கல்லூரியிலும் இப்படித்தான், அதனால் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு ஒன்றில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் டிஃபென்ஸ் ஆடும் பெரிய ஆள், யாரையும் மறிக்காமல் கூடைக்குக் கீழே மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, வேகத்தை மட்டுமே நம்பி உள்ளே புகுந்து பழகிய கார்டு, ஐரோப்பாவில் உள்ளே போனால் அங்கே ஏற்கெனவே ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு நின்றுகொண்டிருப்பார். பாஸ் கொடுக்கவும், நின்று யோசிக்கவும், தூரத்தில் இருந்து சுடவும் கற்றுக்கொள்ளாதவன் கிறிஸ்துமஸுக்குள் ஊர் திரும்பிவிடுவான்.

அப்புறம் கோச். 9 முறை யூரோலீக் வென்ற ஒப்ரடோவிச்சின் டைம்-அவுட்டுகளை ஒருமுறை பார்த்தால் போதும், ஐரோப்பியப் பயிற்சியின் தொனி புரிந்துவிடும். காலையில் ஒரு பயிற்சி, மாலையில் ஒன்று, வார இறுதியில் ஆட்டம். பத்துப் பதினோரு பேரை மாற்றி மாற்றி இறக்குவார்கள். கல்லூரியில் ஆட்டத்துக்கு 20 புள்ளி எடுத்தவன் இங்கே 11 எடுத்தால் நல்ல பருவம். அமெரிக்காவில் அந்த 11-ஐப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள், ஐரோப்பியக் கிளப்புகள் அதன் மதிப்பை அறிந்து மேலே கூப்பிடும்.

எல்லா நாடும் ஒன்றில்லை. முதல் வருடத்துக்கு என் தேர்வு ஜெர்மனி. 12 பேர் அணியில் குறைந்தது 6 ஜெர்மானியர் என்பது அங்கே விதி, மீதி இடங்களில் வெளிநாட்டவர் தாராளமாக ஆடலாம். லீக் ஒவ்வொரு வருடமும் கிளப்பின் கணக்கைப் பார்த்துத்தான் உரிமம் கொடுக்கிறது, அதனால் சம்பளம் தேதிக்கு வரும் என்ற பெயர் உண்டு. ஸ்பெயின் லீக் இன்னும் தரமானது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. இந்தக் கட்டுப்பாட்டால்தான் இரண்டாவது பாஸ்போர்ட்டுக்கு இந்தத் தொழிலில் அவ்வளவு மதிப்பு. தாத்தா பாட்டி வழியில் ஓர் ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை கிடைக்குமா என்று ஏஜென்ட் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார். ஒரு தேசிய அணியில் பின்னாளில் குடியுரிமை பெற்றுச் சேர்ந்த ஒருவர் ஆட ஃபிபா அனுமதிக்கிறது. ஸ்பெயினுடன் முன்பின் தொடர்பே இல்லாத லொரென்சோ பிரவுன், 2022-இல் குடியுரிமை கிடைத்த சில வாரங்களில் ஸ்பெயினுக்கு ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். ஷேன் லார்கின் துருக்கிக்காரர் ஆனதும் இந்த வழியில்தான்.

கிரீஸ், துருக்கி, பால்கன் பக்கம் கூட்டமும் உற்சாகமும் அதிகம், சம்பளம் தாமதமாகும் ஆபத்தும் அதிகம். ரஷ்யக் கிளப்புகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே அதிகம் கொடுத்தவை. 2022 பிப்ரவரிப் போருக்குப் பிறகு யூரோலீக் அவற்றை விலக்கி வைத்தது. ரஷ்யக் கிளப்பில் ஆடிவந்த அமெரிக்கப் பெண் நட்சத்திரம் பிரிட்னி கிரைனர் அதே மாதம் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிபட்டு, டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். 22 வயதுப் பையனை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. இஸ்ரேலில் சம்பளம் நன்றாகவே இருந்தாலும் 2023 அக்டோபருக்குப் பிறகு மக்காபி சொந்த ஊரில் ஆடவேண்டிய தன் ஐரோப்பிய ஆட்டங்களை நெடுநாள் பெல்கிரேடில் ஆடவேண்டி வந்தது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

சம்பளத் தொகையை மட்டும் வைத்து ஜி லீக்கையும் ஐரோப்பாவையும் ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐரோப்பியக் கிளப் சொல்லும் தொகை பெரும்பாலும் கைக்கு வரும் தொகை. உள்ளூர் வரியைக் கிளப் கட்டிவிடும். வீடு, கார், ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் தனி. ஏஜென்டின் 10 சதவீதத்தையும் வழக்கமாகக் கிளப்தான் தருகிறது. அமெரிக்கக் குடிமகன் எங்கே சம்பாதித்தாலும் சொந்த நாட்டில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டிலேயே வாழ்பவர் என்று நிரூபித்தால் 2024-இல் 1,26,500 டாலர் வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் வாங்குகிறவர், கிளப் வரி கட்டியதற்கான சான்றிதழைப் பருவம் முடியும் முன்பே கையில் வாங்கிவிட வேண்டும். ஜூன் மாதம் ஊருக்குப் போய்விட்டு மின்னஞ்சலில் கேட்டால் பதில் வராது.

சேர்ந்த சில நாட்களில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். பழைய முழங்கால் காயத்தை மறைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம் இல்லை. சம்பளம் இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வரமாட்டேன், இத்தனை நாள் ஆனால் ஒப்பந்தம் முறிந்தது, முழுப் பணமும் பாக்கி என்ற வரி இருக்கிறதா பார்க்க வேண்டும். தகராறு வந்தால் ஃபிபா 2007-இல் தொடங்கிய ஜெனீவா நடுவர் மன்றத்துக்குப் போவோம் என்ற வரியும் வேண்டும். அந்த மன்றத் தீர்ப்பை மதிக்காத கிளப் புது வீரர்களைப் பதிவுசெய்ய ஃபிபா தடை போடும், கிளப்புகள் பயப்படுவது இந்தத் தடைக்குத்தான். இந்த வரியைச் சேர்க்க மறுக்கும் கிளப் எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆஸ்திரேலியா

லமெலோ பால் 2019-இல் இல்லவாரா ஹாக்ஸில் 12 ஆட்டம் ஆடிவிட்டு டிராஃப்டில் மூன்றாவதாகப் போனதில் இருந்து ஆஸ்திரேலிய லீக்கின் புகழ் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அவர் வந்தது பதின்ம வயதுத் திறமைசாலிகளுக்காக லீக்கே நடத்தும் தனித் திட்டத்தில். நம் பையனுக்கு அது பொருந்தாது. அவன் சாதாரண வெளிநாட்டு வீரனாகத்தான் வரவேண்டும், ஓர் அணிக்கு 3 பேர்தான் அப்படி. மொழிப் பிரச்சினை இல்லை, சம்பளம் தேதிக்கு வரும், உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம். பெர்த்தில் இருந்து ஆக்லாந்துக்கு 5,000 கிலோமீட்டருக்கும் மேல் பறக்க வேண்டும், அது ஒன்றுதான் தலைவலி. பருவம் பிப்ரவரி, மார்ச்சில் முடிந்துவிடுவதால் அங்கிருந்து நேராகப் போர்ட்டோ ரிகோ லீக்குக்குப் போய் இரண்டாவது சம்பளமும் பார்க்கலாம்.

பிரைஸ் காட்டன் 2014-இல் பெயர் வராத 6 அடி 1 அங்குலக் கார்டு. பெர்த் வைல்ட்கேட்ஸில் ஆடி 2025-க்குள் 5 முறை லீக்கின் சிறந்த வீரர் ஆனார். இது அருமையான வாழ்க்கை, சந்தேகமே இல்லை. ஆனால் முதல் வருடத்திலேயே 3 வெளிநாட்டு இடங்களில் ஒன்றை 22 வயதுக்காரனுக்குக் கொடுக்கும் கோச்சுகள் குறைவு.

ஆசியா: பெரிய ஆட்களின் சந்தை

ஜப்பானின் பி.லீக் 2016-இல்தான் தொடங்கியது. இன்று ஆசியாவில் நிம்மதியாக இருக்க விரும்பும் வீரரின் முதல் தேர்வு அதுதான். 60 ஆட்டங்கள், பெரும்பாலும் ஒரே எதிரணியோடு சனியும் ஞாயிறும். ஆனால் களத்தில் இருக்கக்கூடிய வெளிநாட்டு வீரர்கள் சிலரே என்பதால் அந்த இடங்களை உயரமான ஆட்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். கார்டு வேலையை ஜப்பானியர்களே நன்றாகச் செய்கிறார்கள். ஜாஷ் ஹாக்கின்சன் 6 அடி 10 அங்குலம். கல்லூரி முடித்த 2017-இல் நேராக நகோயாவின் இரண்டாம் பிரிவு அணிக்குப் போனார். பலர் கேலிகூடச் செய்திருப்பார்கள். 2023-இல் ஜப்பான் குடியுரிமை, அதே வருடம் ஒகினாவாவில் உலகக் கோப்பை, பின்லாந்துக்கு எதிராக 28 புள்ளி, அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக். நம் பையன் 8 அங்குலம் உயரமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவே வேறாக இருந்திருக்கும்.

சீனாவில் பெரிய பெயர்களுக்குப் பெரிய பணம். 2010-இல் கிட்டத்தட்ட எல்லாரும் கைவிட்ட நிலையில் போன ஸ்டெஃபான் மார்பரி, பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அங்கே சிலையே வைத்தார்கள். ஆனால் அவர் போனபோது வயது 32, என்.பி.ஏ. அனுபவம் மலை போல. 2011-இல் சம்பளத் தகராறில் என்.பி.ஏ. அணி முதலாளிகள் ஆட்டத்தை நிறுத்திய கதவடைப்பின்போது ஜே.ஆர். ஸ்மித் போன்றவர்கள் சீனாவுக்குப் போனார்கள். நடுவில் விலகிவர அந்த லீக் அனுமதிக்கவில்லை, கதவடைப்பு தீர்ந்த பிறகும் சீனப் பருவம் முடியும்வரை காத்திருந்தார்கள். பெயர் இல்லாத 22 வயதுக் கார்டுக்கு அங்கிருந்து அழைப்பு வருவது அபூர்வம்.

பிலிப்பைன்ஸ் ஒரு தனி உலகம். 1975-இல் தொடங்கிய ஆசியாவின் முதல் தொழில்முறை லீக். ஓர் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர், அதற்கும் உயர வரம்பு. அந்த ஒருவர் முப்பது புள்ளி எடுக்க வேண்டும், இரண்டு மூன்று ஆட்டம் தோற்றால் மாற்று ஆள் விமானம் ஏறிவிடுவார். ஜஸ்டின் பிரவுன்லி 2016-இல் வந்ததே இன்னொருவருக்குக் காயம் பட்டதால் மாற்று ஆளாகத்தான். கடைசி நொடி ஷாட்டில் தன் அணி கினெப்ராவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், 8 வருட ஏக்கம் தீர்ந்தது. 2023-இல் பிலிப்பைன்ஸ் குடிமகனாகி, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 1962-க்குப் பிறகு அந்த நாட்டின் முதல் கூடைப்பந்துத் தங்கத்தை எடுத்துக் கொடுத்ததில் முக்கியப் பங்கு அவருடையது. மணிலாவில் அவருக்குக் கிடைக்கும் அன்பு என்.பி.ஏ.வில் பத்தாவது ஆளாக உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

சரி, கையெழுத்து எங்கே?

டூ-வே கிடைத்தால் யோசிக்காமல் ஜி லீக். கிடைக்கவில்லை என்றால் ஜெர்மனி அல்லது பிரான்ஸின் நடுத்தரக் கிளப், அதிலும் தொடக்கக் கார்டு இடம் காலியாக இருக்கும் கிளப். நல்ல ஊரில் இரண்டாவது கார்டாக உட்காருவதைவிடச் சிறிய ஊரில் 28 நிமிடம் ஆடுவது மேல். அடுத்த வருடம் ஒப்பந்தம் பேசும்போது மேசையில் போடப்படுவது அந்த நிமிடங்களின் வீடியோதான். 26 வயதில் ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். முழங்கால் முனக ஆரம்பிக்கும் 31-இல் சீனா, பிலிப்பைன்ஸ் என்று பணமும் பாசமும் இருக்கும் பக்கம் திரும்பலாம். சென்டராக இருந்தால் ஜப்பானை முதலிலேயே பட்டியலில் சேர்க்க வேண்டும். எக்ஸிபிட் 10 மட்டும் வந்தால்? எனக்குத் தெரிந்த பலர் போய்ப் பார்க்கட்டும் என்பார்கள். அந்த அணியின் மூன்றாவது டூ-வே இடம் இன்னும் காலியாக இருந்தால் மட்டும் போகலாம் என்பது என் கட்சி.

தேதிகளையும் மறக்கக் கூடாது. என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களை ஆடவைத்துப் பார்க்கும் லாஸ் வேகஸ் கோடைக்கால லீக் ஜூலை 20-ஐ ஒட்டி முடிகிறது. நல்ல ஐரோப்பியக் கிளப்புகள் அதே ஜூலையில் பதில் கேட்கும், ஏனென்றால் ஆகஸ்டில் அவர்களுக்குப் பயிற்சி தொடங்கிவிடும். என்.பி.ஏ. முகாம் அழைப்புகளோ செப்டம்பர் வரை இழுக்கும். காத்திருந்தால் ஜெர்மனி போய்விடும், முன்பே கையெழுத்துப் போட்டால் முகாம் போய்விடும். இதற்கு ஏஜென்டுகள் கைவசம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட தேதிக்குள் என்.பி.ஏ. அழைத்தால் விலகிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை ஐரோப்பிய ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்வது. சில கிளப்புகள் ஒத்துக்கொள்ளும், சில அதற்காகச் சம்பளத்தில் கொஞ்சம் குறைக்கும். அந்தக் குறைப்பு நியாயமான அளவில் இருந்தால் ஏற்றுக்கொண்டு ஜூலை கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.